ஒரு வடிவம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? (அனுபவப் பகிர்வு)

ஆரணிக் கரை:
பட்டுப் புடவைக்குக் கரை டிசைன் போடுவது என் தொழில். யானையும் காளையும் ஒரே கரையில் வர வேண்டும் என்று வந்த வேலைக்கு, தறியில் டிசைனுக்கான இழைகளைத் தூக்கும் 240 கொக்கி ஜக்கார்டு கருவியில் இரண்டு முழு உருவங்களுக்கு இடம் போதாமல், பத்து நாட்களாகக் கட்டத்தாளில் வரைவதும் அழிப்பதுமாக இருந்தேன். வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலின் ரிஷப குஞ்சரம், அதாவது காளையும் யானையும் இணைந்த சிற்பம், உங்களுக்கெல்லாம் தெரிந்ததே. சிறு வயதிலிருந்து பார்த்துவந்த அந்தச் சிற்பம், ஒரே தலையை இரண்டு உடல்களுக்குக் கொடுத்து இடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரவோடு இரவாக வரைந்து, விடிந்ததும் தறிக்காரப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் யானையின் உடலைக் கட்டைவிரலால் மறைத்தார், பிறகு காளையின் உடலை மறைத்தார், பிறகு விரலை எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லில் நிழல் விழும் தம்பி, எந்தக் கோடு எந்த விலங்குக்கு என்று கண் பிரித்துக்கொள்ளும், ஜரிகையில் நிழலுக்கு எங்கே போவாய்?" என்றார். அன்றே அதைக் கைவிட்டு, ஒரு கரையில் யானையும் மறு கரையில் காளையுமாகக் கொடுத்துவிட்டேன். புடவை விற்றுப்போயிற்று. அந்தக் கட்டைவிரல்தான் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கரிகிரிச் சூளை:
மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கோயிலில் அவர் கண்டது வேறொருவர் போட்டு முடித்த கணக்கின் விடை. அவருக்கென்று ஒரு கரு, பெரியவர் நிழலைப் பற்றிக் கேட்டபோதுதான் பிறந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். நான் காட்பாடிக்கு அருகே மண்பாண்டம் செய்பவன். தாமிரம் கூடிப்போன பச்சை மெருகு (பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு) சூளைக்குள் வழிந்து, ஒரு கூஜா அடித்தட்டோடு ஒட்டிக்கொண்டது. உடைத்து எறியக் கையில் எடுத்தபோது, வழிந்த மெருகு கழுத்தின் வரிப்பள்ளத்தில் தேங்கி, அங்கே மட்டும் பச்சை கறுத்திருந்ததைப் பார்த்தேன். இப்போது மெருகு தேங்குவதற்கென்றே பள்ளம் கீறுகிறேன். உட்கார்ந்து யோசித்து வரைந்த எந்த வடிவமும் எனக்கு இவ்வளவு காலம் நிலைத்ததில்லை.

புரிசைப் பக்கம்:
கூத்துக் கிரீடத்தைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கும்போது பகலில் பார்த்தால் முரடாகத்தான் இருக்கும். இரவு ஆட்டத்தில் அதன் கண்ணாடித் துண்டுகள் வெளிச்சத்தை வாங்கிய பிறகே அதன் கணக்கு எனக்குப் புரிந்தது. ஆரணி நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேசைமேல் வைத்துப் பார்க்கும் தாளை நம்பாதீர்கள். கரை என்பது நடக்கும்போது மடிப்பில் புரண்டு தெரிவது, ஆகவே தாளைச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று பாருங்கள். பட்டில் நிழல் இல்லை என்பது சரி, ஆனால் புடவையின் உடல் நிறம் இருக்கிறதே. இரண்டு விலங்குகளும் சேரும் விளிம்பில் இரண்டு கட்டங்களை ஜரிகை இல்லாமல் விட்டால், அடியில் தெரியும் பட்டே கோடு பிரித்துக் கொடுக்கும். முழுதாக வரைந்த பிறகு தறிக்காரரிடம் போகாமல், பாதியிலேயே போய் உட்காருங்கள். அழித்த தாள்களையும் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய தாள் இன்னும் உங்களிடம் இருந்தால், கழுத்துப் பகுதியில் அந்த இரண்டு கட்டங்களை விட்டு வரைந்து, அதே பெரியவரிடமே மறுபடியும் காட்டுங்கள்.