காற்றாடி குவில்ட்: முக்கோணம் அளவு குறைகிறது, முனைகள் சேரவில்லை, உதவுங்கள்

நூல்கண்டு

தங்கை குழந்தைக்கு ஒரு சின்ன குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைத்துக்கொண்டிருக்கிறேன். வெளிர் ஒன்று, அடர் ஒன்று என இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சதுரம், அப்படி நான்கு சேர்ந்தால் ஒரு காற்றாடி. தைத்து முடிந்த பிளாக், அதாவது ஒரு முழுக் காற்றாடி, 8 இன்ச் வரணும், மொத்தம் 20 பிளாக், அகலத்தில் நான்கு நீளத்தில் ஐந்து வைத்தால் 32க்கு 40. துணி எல்லாம் பாப்ளின்.

இதுவரை வெறும் சதுரங்களை வைத்துத்தான் தைத்திருக்கிறேன். முடிந்த அளவோடு அரை இன்ச் சேர்த்து வெட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். இதிலும் அதே கணக்கில் 4 1/2 இன்ச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை கத்தரித்து, கால் இன்ச் பிடித்துத் தைத்தால் அளவு 4 1/8தான் இருக்கிறது. சிலது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக நிற்கிறது. நான்கையும் சேர்த்தால் நடுவில் எட்டு முனையும் ஒரே இடத்தில் வர வேண்டியது, ஆளுக்கொரு பக்கம் போகிறது. சாதாரண கால் மெஷின், நேர் தையல் மட்டும். ரோட்டரி கட்டர் (துணி வெட்டும் உருளும் பிளேடு) கிடையாது; கத்தரிக்கோல், சாக்பீஸ், இன்ச் டேப்தான். எதைச் சரி செய்ய வேண்டும்?

ஈரோட்டுக்காரி

4 1/8 வந்திருக்கிறதென்றால் நீங்கள் ஒழுங்காகத்தான் தைத்திருக்கிறீர்கள் தங்கச்சி, வெட்டின அளவில்தான் சிக்கல். சதுரத்துக்குப் பக்கத்துக்குக் கால் இன்ச் என்று அரை இன்ச் போதும். முக்கோணத்தில் சாய்ந்த பக்கத்திலும் தையல் பிடிக்கிறோம், அந்தக் கூர்முனை தையலைத் தாண்டி நீளமாகப் போகும், அதற்கும் துணி வேண்டும். கணக்குப் போட்டால் கூட்ட வேண்டியது 0.854 இன்ச், நடைமுறையில் 7/8 என்று வைத்துக்கொள்வார்கள். அதாவது முடிந்த அளவு 4 என்றால் சதுரம் 4 7/8. நீங்கள் வெட்டினது 3/8 குறைவு, அதுதான் அப்படியே குறைந்து வந்திருக்கிறது.

ஆனால் 4 7/8 என்று வெட்டச் சொல்ல மாட்டேன். 5 இன்ச்சாக வெட்டுங்கள். முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள், தைத்த பிறகு வெட்டுங்கள். வெளிர் சதுரம் ஒன்று, அடர் சதுரம் ஒன்று, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேல் துணியின் பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி இரண்டு கோடு. தையல் அந்த இரண்டு கோட்டின்மேல், கத்தரி நடுக்கோட்டின்மேல். ஒரு ஜோடிக்கு இரண்டு சதுரம் கிடைக்கும், எல்லாம் 4 1/2ஐவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அயர்ன் பண்ணி 4 1/2க்கு நறுக்கிக்கொள்ளுங்கள். கோணல்மாணல் எல்லாம் அந்த நறுக்கலிலேயே போய்விடும்.

பழைய கத்தரி

அந்த அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள் அம்மா. நான் 30 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், பிளவுஸ்தான் தொழில், குவில்ட் பழக்கமில்லை. ஆனால் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று சொன்னது கிராஸ் துணிக் குணம், அதாவது இழைக்குக் குறுக்கே சாய்வாக வெட்டின துணியின் குணம். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினதும் அந்த நீளப் பக்கம் முழுக் கிராஸ் ஆகிவிடுகிறது. கையில் எடுத்தாலே நீளும், மெஷின் பல் கீழ்த்துணியை இழுக்கும், மேல்துணி பின்தங்கும். சதுரமாக இருக்கும்போதே தைத்துவிட்டால் இழுக்க ஒன்றும் இருக்காது.

வெட்டும் முன்னால் துணியை அலசிக் காயவைத்து, சோற்றுக்கஞ்சியை நீர்க்கக் கரைத்து நனைத்து, லேசான ஈரத்தில் அயர்ன் பண்ணிவிடுங்கள். துணி காகிதம் மாதிரி நிற்கும், சாக்பீஸும் வழுக்காமல் கோடு போடும். கஞ்சியை வெட்டின பிறகு போடக்கூடாது, துண்டு சுருங்கிவிடும். குவில்ட் முடிந்ததும் ஒரு தடவை துவைத்துவிடுங்கள், கஞ்சித் துணியை அப்படியே பீரோவில் வைத்தால் பூச்சி வரும்.

இன்ச் டேப்பை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். நாள்பட்டால் நீண்டுவிடும். ஸ்டீல் ஸ்கேல் வாங்குங்கள். சாக்பீஸையும் பிளேடால் சீவிக் கூர் பண்ணிக்கொள்ள வேண்டும், மொட்டைச் சாக்பீஸ் கோடு மாகாணி (1/16 இன்ச்) தடிமன் வரும், கோட்டுக்கு உள்ளே வெட்டினீர்களா வெளியே வெட்டினீர்களா என்பதிலேயே அளவு மாறிவிடும்.

நூல்கண்டு

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. இரண்டு சந்தேகம். கட்டரும் சதுர ஸ்கேலும் இல்லாமல் 4 1/2க்கு எப்படி நேராக நறுக்குவது? கால் இன்ச் சரியாகப் பிடிக்கிறேனா என்று எப்படித் தெரியும்? இந்த மெஷினில் அதற்கான கோடு எதுவும் இல்லை.

ஈரோட்டுக்காரி

நறுக்க அட்டை வேண்டாம், நாலு தடவை கோடு போட்டால் ஓரம் தேய்ந்துவிடும். வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம் இருந்தால் அதில் 4 1/2 இன்ச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை ஊசியால் அழுத்திக் கீறுங்கள். அந்தக் கீறலைத் தைத்த தையல்மேல் சரியாக உட்காரவையுங்கள். துணி ஓரத்தைப் பார்க்கவே வேண்டாம், தையல் மட்டும்தான் கணக்கு. நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் துணி வெளியே தெரியும், கூர் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள். தையல் இரண்டு மூலையிலும் நேராகப் போய் முடிந்தால் அந்தத் துண்டு சரி.

கால் இன்ச்சுக்கு ஒரு சோதனை. 1 1/2 இன்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டி வரிசையாகச் சேர்த்துத் தைத்து அயர்ன் பண்ணுங்கள். நடுப்பட்டி சரியாக 1 இன்ச் இருக்கணும். குறைவாக இருந்தால் தையலை ஒரு நூலிழை தடிமன் அளவு ஓரத்துக்குத் தள்ளிப் பிடியுங்கள், துணி மடங்கும் இடம் கொஞ்சம் தின்றுவிடும். அளவு பிடிபட்டதும் அந்த இடத்தில் மெஷின் பலகைமேல் பிளாஸ்திரி நாலைந்து அடுக்கு ஒட்டிவிட்டால் துணி அதில் உரசிக்கொண்டே நேராகப் போகும். பாபின் தகடு திறக்க இடம் விட்டு ஒட்டுங்கள்.

இதில் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றும். 1/16 இன்ச் கூடப் பிடித்தால் ஒரு தையலுக்கு இரண்டு துணியிலும் சேர்த்து 1/8 போகும். உங்கள் குவில்டில் ஒரு வரிசையில் எட்டுச் சதுரம், ஏழு தையல். வரிசை 7/8 இன்ச் குறைந்துவிடும்.

அயர்ன் பண்ணும்போது பெட்டியைத் தேய்க்காதீர்கள், வைத்து எடுங்கள். முதலில் மூடிய நிலையிலேயே தையல்மேல் ஒரு முறை, அப்புறம் பிரித்து அடர் நிறத்துப் பக்கம் சாய்த்து ஒரு முறை. எல்லாவற்றையும் அடர் பக்கமே சாய்த்தால் காற்றாடி சேர்க்கும்போது ஒன்றின் தடிப்பு இன்னொன்றின் பள்ளத்தில் போய் உட்காரும், விரலால் தடவினாலே தெரியும். கடைசித் தையலுக்கு முன் மேல்துணி முனையில் குண்டூசியைச் செங்குத்தாகக் குத்திக் கீழ்த்துணி முனையில் எடுங்கள், பக்கத்தில் இரண்டு ஊசி போட்டுவிட்டு அதை உருவிவிடலாம். பின்பக்கம் தையல்கள் எக்ஸ் மாதிரி வெட்டிக்கொள்ளும் புள்ளி தெரியும், அதன் நடுவில் ஊசி இறங்கினால் முனை மாறாது.

பழைய கத்தரி

மூலையில் ஆரம்பிக்கும்போது துணி ஊசி ஓட்டைக்குள் சிக்கும். ஒரு கழிவுத் துண்டில் நாலு தையல் போட்டு, நூலை வெட்டாமல் அப்படியே சதுரத்துக்குள் ஓட்டுங்கள்.

நூல்கண்டு

பட்டிச் சோதனை செய்தேன், நடுப்பட்டி 1 இன்ச்சுக்கு மயிரிழை குறைந்தது, பிளாஸ்திரியைத் தள்ளி ஒட்டினதும் சரியாக வந்தது. புது முறையில் நான்கு சதுரம் தைத்து நறுக்கி ஒரு காற்றாடி சேர்த்துப் பார்த்தேன், எட்டு முனையும் ஒரே புள்ளியில்! முன்னால் தைத்த 4 1/8 துண்டுகளை என்ன செய்யலாம்? இன்னொன்று, காற்றாடிகளை நேராக வைக்காமல் டைமண்ட் மாதிரி சாய்த்து வைக்க ஆசை. ஓரத்தில் வரும் பெரிய முக்கோணத்துக்கு என்ன அளவு?

ஈரோட்டுக்காரி

பழையதை எல்லாம் 4 இன்ச்சுக்கு நறுக்குங்கள், 7 இன்ச் காற்றாடி வரும், தலையணை உறைக்கு ஆகும். இதோடு கலக்காதீர்கள்.

சாய்த்து வைத்தால் 8 இன்ச் பிளாக் மூலைக்கு மூலை 11.3 இன்ச். மூன்றுக்கு நான்கு அடுக்கி இடையில் ஆறு வைத்தால் மொத்தம் 18 பிளாக், சுமார் 34க்கு 45, நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதுதான். ஓரத்துக்கு 10 பெரிய முக்கோணம், மூலைக்கு 4 சின்னது. பெரியதற்கு 12 5/8 இன்ச் சதுரம் மூன்று வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு மூலைவாக்கிலும் வெட்டி நான்காக்குங்கள், இரண்டு மீதி வரும். மூலைக்கு 6 5/8 சதுரம் இரண்டு, ஒரே ஒரு மூலைவாக்கில். இரண்டையும் மாற்றி வெட்டிவிடாதீர்கள். இப்படி வெட்டினால்தான் குவில்டின் வெளி ஓரம் முழுக்க நேர் இழையாக இருக்கும், மாறினால் ஓரம் கிராஸாகி அலை அலையாகத் தொங்கும். பெரிய சதுரங்களைத் துணியில் முதலில் வெட்டி எடுத்துவிட்டு, 5 இன்ச் துண்டுகளை மீதியில் வெட்டுங்கள்.