பொருள்: மறு: சக்தி ஒரு பக்கம், அலைமுகம் ஒரு பக்கம் - 'ஒதுங்கு கோணம்' சரிவருமா?

வணக்கம் அண்ணை, மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

கழியொலி, அதாவது காதுக்குக் கேக்காத உயர் அதிர்வெண் ஒலி, பொருளுக்குள்ள போகேக்க அதின்ர சக்தி அலைமுகம் போற திசையை விட்டுத் தள்ளிப் போற கோணத்துக்கு எங்கட சொற்பட்டியலில "விலகற் கோணம்" எண்டு நீங்கள் போட்டதை வாசிச்சன், எனக்கு அது சரியாப் படேல்லை. ஏலெவல் படிச்ச பெடியளுக்கு விலகல் எண்டால் உடன அரியத்துக்குள்ள ஒளி முறியிறதுதான் ஞாபகம் வரும். இஞ்ச ஒண்டும் முறியேல்லை அண்ணை. காபன் நார் எல்லாம் ஒரே திசையில ஓடுற கட்டை ஒண்டை நாருக்குச் சரிவா வெட்டி, வெட்டின முகத்தில புரோபை (ஒலியை அனுப்புற கருவியை) நேரா வைச்சு கழியொலியை விட்டால் அலைமுகம் அந்த முகத்துக்குச் சமாந்தரமாவே போய்க்கொண்டிருக்கும், சக்தி மட்டும் நார் ஓடுற பக்கமா ஒதுங்கிப் போகும். நார் வழிய ஒலி செக்கனுக்கு 9 கிலோமீற்றர் அளவில ஓடும், குறுக்க 3 கிலோமீற்றர்தான், அதுதான் காரணம்.

யாழ்ப்பாணத்தில குருநகர்ப் பக்கம் நீரோட்டத்துக்க வள்ளம் விட்ட ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும், அணியம் (வள்ளத்தின்ர முன்பக்கம்) ஒரு பக்கம் பாத்தபடி இருக்க வள்ளம் ஒதுங்கிப் போகும். அதாலதான் 'ஒதுங்கு கோணம்' எண்டு கேக்கிறன், அதாவது அவத்தை வேகத்துக்கும் (அலைமுகம் போற வேகம்) கூட்ட வேகத்துக்கும் (சக்தி போற வேகம்) இடையில வாற கோணம்.

இந்தச் சோதனையைக் கணினியில போட்டுப் பாக்க சிமுலேசன் எழுதிறவைக்கு இது சின்ன விசயமில்லை. ஒதுங்கு கோணம் 30 பாகை, தடிப்பு 20 மி.மீ. எண்டு வையுங்கோ, மறுபக்கத்தில சிக்னல் 11.5 மி.மீ. தள்ளித்தான் வரும், ரிசீவரை நேர எதிர வைச்சிட்டு சிக்னல் குறைவா இருக்கு, உள்ள அடுக்கு பிரிஞ்சிட்டுது எண்டு ஆரும் முடிவெடுத்தால் நல்ல பொருளைத்தான் கழிக்கப் போறம். நாருக்கு நேர வழியவோ செங்குத்தாவோ அனுப்பினால் கோணம் பூச்சியம், அதால அந்த ரெண்டு திசையில மட்டும் சிமுலேசன் புரோகிராமைச் சோதிச்சுப் பாக்கிற ஆளுக்கு பிழை கண்ணிலயே படாது.

எங்கட வள்ளங்களுக்கு றெசினோட போடுற நார் விரிப்பில (mat) கண்ணாடி நார் துண்டு துண்டா எல்லாப் பக்கமும் கிடக்கிறதால தளத்துக்குள்ள இந்தப் பிரச்சினை பெரிசா வராது, விமானத்துக்குச் செய்யிற தகடுகளிலதான் கவனிக்க வேணும்.

'சாய்வுக் கோணம்' வேண்டாம், புரோபைச் சரிச்சு வைக்கிற கோணத்துக்கு அது தேவைப்படும். தமிழ்நாட்டு ஆக்கள் சக்தியை ஆற்றல் எண்டும் அவத்தையைக் கட்டம் எண்டும் எழுதினாலும் ஒதுங்கு கோணம் அவைக்கும் அப்பிடியே பொருந்தும் எண்டு நினைக்கிறன். வேற நல்ல சொல் ஆரிட்டயும் இருந்தால் பட்டியலில ஏத்த முதல் சொல்லுங்கோ.