எஸ்எஃப்-36: தமிழாக்கினால் போதுமா, கேள்வியையே மாற்றணுமா?

அளவுகோல்:
நாள்பட்ட நோயாளிகளுக்காக எஸ்எஃப்-36 கேள்வித்தாளைத் தமிழாக்குகிறோம். உடல்நிலை, மனநிலை பற்றி 36 கேள்விகள். குழுவில் பாதிப்பேர் கேள்விகளையே மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆளுக்கொரு எடைக்கல் வைத்துக்கொண்டால் எப்படி ஒப்பிடுவது?

இரவுப்பணிச் செவிலி:
எடைக்கல்லா? மிதமான வேலைக்கு அதில் உதாரணமே வாக்குவம் கிளீனர் தள்ளுவது, கோல்ஃப் ஆடுவது. "நமக்கு அதெல்லாம் முடியாதும்மா" என்கிறார் ஒருவர். மூட்டுவலியாலா, கோல்ஃப் தெரியாததாலா? தாளில் ரெண்டுக்கும் ஒரே மதிப்பெண்.

அளவுகோல்:
உதாரணத்தை மாற்றுங்கள், அதே அளவு மூச்சு வாங்கும் வேலையாக இருந்தால் சரி. கருவைத் தொடாதீர்கள். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, அதை ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காதவர்கள் ஆங்கிலத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அச்சாகப் பொருந்துகிறது!

சொல்லாடி:
பொருந்தாமல் என்ன? 'டயர்ட்' என்பதைச் 'சோர்வு' என்று போட்டால் திருப்புகிறவர் டயர்ட் என்றே எழுதுவார். ஆனால் கேட்கிறவர் காதில் மனச்சோர்வும் சேர்ந்து விழும். 'அசதி' என்றால் உடம்போடு நிற்கும். இது திருப்பிப் பார்த்துத் தெரிகிற விஷயமில்லை, நோயாளியைக் கேட்டால்தான் தெரியும்.

அப்புறம், கருவைத் தொட்டதே இந்தக் கேள்வித்தாளை உருவாக்கியவர்கள்தான். இரண்டாம் பதிப்பில் மனம் வாடியிருப்பதைக் கேட்கும் 'டவுன்ஹார்ட்டட் அண்ட் ப்ளூ'விலிருந்து ப்ளூவைத் தூக்கினார்கள். எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்பது 'பிளாக்' (ஒரு தெருமுனையிலிருந்து அடுத்தது வரை) கணக்கிலிருந்து கெஜக் கணக்காயிற்று. 'எ குட் பிட் ஆஃப் தி டைம்' (கணிசமான நேரம்) என்ற விடையே காணோம். ஆங்கிலத்துக்கே ஒத்துவராததை நாம் ஏன் சுமக்கணும்?

அளவுகோல்:
தொட்டவர்கள் பொதுமக்களிடம் மறுபடி அளந்து, அவர்களின் சராசரி மதிப்பெண் 50 என்று வருமாறு புதிதாக நிர்ணயித்தார்கள். நீங்கள் அளப்பீர்களா? இல்லையென்றால் உங்கள் 50 வேறு, அவர்கள் 50 வேறு.

டயாலிசிஸ் 9ஆம் வருஷம்:
நடுவில் நான் ஒன்று கேட்கலாமா? வாரம் 3 நாள் மெஷினில் கிடக்கிறேன். "கடந்த 4 வாரங்களில்" என்கிறது தாள். எதைச் சொல்ல, மெஷினை விட்டு இறங்கிய சாயங்காலத்தையா, மறுநாள் காலையையா? அதுவும் நர்ஸ் பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கேட்டால் "நல்லாருக்கேன்மா" என்றுதான் வாயில் வரும். பழகிப்போச்சு என்பதற்கும் எனக்கு அதே சொல்தான்.

இரவுப்பணிச் செவிலி:
ஐயா, அதனால்தான் விடையைக் குறித்ததும் "எந்த நாளை நினைச்சு சொன்னீங்க?" என்று கேட்டுவிடுவேன்.

அளவுகோல்:
அதை முன்சோதனையில் கேளுங்கள், 30, 40 பேரிடம். ஆய்வு நடக்கும்போது கேட்டால் அடுத்த விடையே மாறிப்போகும். ஐயா சொன்ன 4 வாரச் சிக்கலை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

டயாலிசிஸ் 9ஆம் வருஷம்:
அந்தச் சோதனைக்கு என்னையும் கூப்பிடுங்க. செவ்வாய், வியாழன், சனி வேண்டாம்.