டி.என்.எஃப்.: ‘கட்டி நசிவுக் காரணி’யைக் கைவிடலாமா?

இராமநாதபுரம், மருத்துவர்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். முடக்குவாதத்துக்கு அடாலிமுமாப் ஊசி தொடங்குவோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களும் வலைத்தொழிலாளர்களும். இந்த ஊசி அடக்குவது டி.என்.எஃப். என்னும் உடற்புரதத்தை. வரைவில் அதற்குக் ‘கட்டி நசிவுக் காரணி’ என்று இருக்கிறது. மூட்டுவலிக்கு வந்தவர் ‘கட்டி’யைப் பார்த்ததும் புற்றுநோய் என்றே நினைப்பார். கட்டியை அழிக்கும் பொருளையே அடக்கும் ஊசி என்று விளங்கிக்கொண்டால் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

1975இல், நுண்ணுயிர் நச்சு ஏற்றிய எலிகளின் குருதிநீர் மற்ற எலிகளின் கட்டிகளை அழித்ததால் வந்த பெயர் அது. அன்றாட வேலை வேறு. திருக்கை முள் குத்திய கால் சிவந்து, சூடேறி, வீங்கிக் கடுக்கிறதே, அந்த அழற்சியைத் தொடக்கிவைப்பதில் இதற்குப் பெரும்பங்கு. இரத்தக்குழாயின் உட்சுவரை வெள்ளணுக்கள் ஒட்டும்படி மாற்றி, அவற்றைத் திசுவுக்குள் இறக்குகிறது. முடக்குவாதத்தில் இதே வேலை ஓயாமல் நடப்பதால் மூட்டுச்சவ்வு தடித்துக் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. பொருத்தமான சொல் தாருங்கள்.

தொண்டி, தமிழாசிரியர்

மருத்துவர் ஐயாவுக்கு: ‘நசிவு’ வடசொல் வழி வந்தது, ‘காரணி’யும் அப்படியே. ‘நை’ நம் வேர்; ‘நைவு’ என்றால் போதும். ‘கட்டி’யும் பிழை. ‘டியூமர்’ என்பதற்கு இலத்தீனில் வீக்கம் என்பதே முதற்பொருள். அழற்சிக்குப் பண்டை ரோம எழுத்தாளர் செல்சசு சொன்ன நான்கு குறிகளில் அதுவும் ஒன்று. ஆனால் இன்னும் நல்ல சொல் இருக்கிறது. இப்புரதத்துக்குக் ‘கெக்கெக்டின்’ என்று இன்னொரு பெயர் உண்டு: உடலை இளைக்கச் செய்வது. இரண்டும் ஒன்றே என்று 1985இல் தெரிந்தது. காசநோயை நம்மவர் ‘எலும்புருக்கி’ என்றார்கள். உடலை உருக்கும் அப்பொருளுக்கு உருக்கி என்று பெயரிட்டால் நோயின் பழம்பெயரும் புரதமும் கைகோக்கும்.

கீழக்கரை

ஐயா, அழகான சொல்தான். இந்தக் கையேட்டில் ஆபத்தான சொல்லும் அதுதான். காசநோய்க் கிருமியைச் சுற்றி விழுங்கணுக்கள் கட்டும் மதிலைக் கலையாமல் வைத்திருப்பது டி.என்.எஃப். அதை அடக்கினால் மதில் தளர்ந்து உறங்கிய கிருமி வெளியேறும். டி.என்.எஃப்.-ஐ அடக்கும் இன்னொரு மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களிடம் இதை 2001இலேயே கண்டார்கள். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரேயும், காசநோய்க் கிருமிக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாந்தூ சோதனையும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். இவர்களுக்கு 5 மில்லிமீட்டர் இருந்தாலே நேர்விடை, அதாவது கிருமி உடலில் இருப்பதன் அறிகுறி. அப்படி வந்தால், கிருமி உறங்குகிறதே தவிர நோயாகக் கிளம்பவில்லை என்று உறுதிசெய்து, தடுப்பு மாத்திரை தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் சென்ற பிறகே ஊசி. காசநோய்க்குக் காவலாக நிற்கும் பொருளைக் காசநோயின் பெயராலேயே அழைத்தால் ‘உருக்கியை அடக்கினேன், பிறகு ஏன் காசநோய் வந்தது?’ என்று கேட்பார்கள்.

தேவிபட்டினம்

‘அழற்சி’ எல்லாருக்கும் பழகிவிட்டது, அதன் வேரையே எடுப்போம். உயிரணு உயிரணுவுக்கு அனுப்பும் செய்தி என்பதால் அழல் தூது. ‘அழல்போலும் மாலைக்குத் தூதாகி ஆயன் குழல்போலும் கொல்லும் படை’ (குறள் 1228). அழலும் தூதும் கொல்லும் படையும் ஒரே குறளில் நிற்கின்றன.

தொண்டி, தமிழாசிரியர்

குறளுக்கு நன்றி தம்பி. ஆனால் புணர்த்தி எழுதுங்கள்: அழல் + தூது = அழற்றூது, கற்றூண் போல. ‘லள வேற்றுமையில் றடவும்’ என்ற நன்னூல் விதியைக் கலைச்சொல்லில் தளர்த்தினால் வேறெங்கே காப்பது?

பாம்பன், செவிலியர்

‘அழற்றூது’வை வாசித்துக் காட்ட நானே இரண்டு முறை நிற்பேன் ஐயா. இங்கே ‘காந்துது, கடுக்குது’ என்பார்கள். ‘காந்தல்’ வைக்கலாம் என்றால் காந்தம் குறுக்கே வருகிறது. பிரித்தெழுதிய ‘அழல் தூது’ எனக்குச் சரி.

பெயரைவிட அவசரமானவை இரண்டு. வரைவில் ‘டி.என்.எஃப். தடுப்பு ஊசி’ என்று இருக்கிறது. தடுப்பூசி என்று எடுத்துக்கொண்டு ஒரு தடவையோடு நிறுத்திவிடுவார்கள். இதுவோ பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். போதாததற்கு, இது போடும் காலத்தில் உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் கூடாது. ‘அடக்கும் ஊசி’ என்று மாற்றுங்கள். இரண்டாவது, ‘குளிரில் வைக்கவும்’ என்றால் மீன் ஐஸ் பெட்டியில்தான் வைப்பார்கள். உறைந்துவிட்டால் புரதம் கெட்டுத் திரளும். உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் போடக்கூடாது. ‘2 முதல் 8 டிகிரி, குளிர்பெட்டியின் நடுத்தட்டில், ஐஸில் படாமல்’ என்று எழுதுங்கள்.

கீழக்கரை

இரண்டும் கட்டாயம் சேர வேண்டும். ‘அழல் தூது’ பற்றி ஒரு தடை: அழற்சியைத் தூண்டும் இன்னொரு புரதமான இன்டர்லூக்கின்-6உம் அழல் தூதுதானே? நாளை அதன் வேலையைத் தடுக்கும் டொசிலிசுமாப் மருந்தின் கையேட்டில் அதற்கு என்ன பெயர்?

இராமநாதபுரம், மருத்துவர்

அதனால் இனத்துக்கு ‘அழல் தூது’, ஆளுக்கு எழுத்துப்பெயர்: ‘டி.என்.எஃப். என்னும் அழல் தூதுப் புரதம்’. நால்வர் ஒப்புகிறார்கள், இப்படியே அச்சுக்குக் கொடுக்கிறேன். செவிலியர் அம்மா சொன்ன இரண்டையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

தொண்டி, தமிழாசிரியர்

கையேட்டுக்கு இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் என் மறுப்பைப் பதியுங்கள்: எழுத்துப்பெயர் கலைச்சொல் ஆகாது. புணர்ச்சியைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.