ஏஐ ஏஜென்ட்டுக்கு டாக்எக்ஸ் எடிட்டர் கையேடு: என்ன எழுதணும்?

தரமணிக்காரன்: ஏஐ ஏஜென்ட் வேர்டு கோப்பை (டாக்எக்ஸ்) திருத்துறதுக்கான எங்க டூல்ல ‘தேடி மாற்று’ கட்டளை, கண்ணெதிரே இருக்கிற ‘ஒப்புக்கொள்கிறேன்’ங்கிற சொல்லையே "இல்லை"ங்குது. ஏஜென்ட்டும் அதையே திரும்பத் திரும்ப அடிக்குது. கையேட்டில் என்ன சேர்க்கலாம்?

பெருங்குடி_பைட்: டாக்எக்ஸ் வெறும் ஜிப்தான் சார், உள்ளே எக்ஸ்எம்எல்ங்கிற குறிச்சொல் போட்ட உரை. சொல்லுக்கு நடுவே ஒரு எழுத்துக்கு போல்டு போட்டாலே அது ரெண்டு மூணு ‘ரன்’னா, அதாவது ஒரே வடிவமைப்புள்ள துண்டுகளா, உடைஞ்சிடும். டூல் ரன்களை ஒட்டித் தேடுதா, தனித்தனியாவான்னு முதல் வரியிலேயே சொல்லிடுங்க. பிழைச் செய்தியில் அடுத்து எந்தக் கட்டளைன்னும் இருக்கணும். வெறும் "கிடைக்கவில்லை" எதுக்கும் உதவாது.

மயிலை_யூனிகோட்: தமிழ்னா இதையும் பாருங்க. ‘கொ’வில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரும், ஒற்றைக்கொம்பு, கால்னு ரெண்டாகவும் வரும். பார்வைக்கு ஒண்ணு, பைட் வேற. தேடுற சொல், கோப்பில் இருக்கிற சொல் ரெண்டையும் என்எஃப்சிக்கு (யூனிகோடின் ஒரே சீரான வடிவம்) மாத்திட்டு ஒப்பிடணும்.

தரமணிக்காரன்: ரன்னைத்தான் சந்தேகப்பட்டேன், கொம்பை யோசிக்கவே இல்ல. நன்றி.