முப்பதுக்கு மேல் ஜிம்னாஸ்டிக்ஸ்: மாஸ்டரை மாற்றியவர்கள், மாற்ற நினைப்பவர்கள் வாருங்கள்

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
வயது 34. இந்த மாஸ்டரிடம் நாலு வருடம், அதில் பின்னால் சாய்ந்து குதித்து, கையூன்றிக் காலைத் திருப்பி நிற்கும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்குக்கே ஒன்றரை வருடம். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, இடுப்புக்குக் கீழே அவர் கை இருக்கிறது என்று நம்பிப் பின்னால் சாய்ந்தேன். கை இல்லை. அந்தரத்தில்தான் தெரிந்தது. எப்படியோ உள்ளங்கை மேட் மெத்தையில் பட்டு, கால் திரும்பி, நின்றுவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். "பார்த்தியா, நான் பிடிக்கவே இல்ல. இத்தனை நாளும் வெறும் பயம்தான் உனக்கு" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டி ஹேண்டிலைப் பிடித்த கை நடுங்கியது.

அதோடு சரி. அப்புறம் ஒரு தடவைகூட என்னால் பின்னால் சாய்ந்து போக முடியவில்லை, அவர் கை வைத்திருந்தாலும்கூட. ஆனால் முப்பது வயதில் போய் நின்றவளை "வாம்மா" என்று சேர்த்துக்கொண்ட ஒரே ஆளும் அவர்தான். மற்ற இடங்களில் "குழந்தையைச் சேர்க்க வந்தீங்களா?" என்றுதான் கேட்டார்கள். இப்போது விட்டுப் போனால் நன்றி கெட்டதனமா?

மாயூரத்தான்:
நான் மாற்றினேன், 39 வயதில். ஞாயிறுதோறும் ரயிலேறித் திருச்சி. இங்கே இரண்டு பழைய மேட், நடுவே ஒரு இடைவெளி, கால் சரியாக அதில்தான் போய் இறங்கும். அங்கே ஃபோம் பிட், பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பள்ளம். பேச வேண்டியதே இல்லை. ஆனால் பழைய மாஸ்டரிடம் "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி சார்" என்று பொய் சொல்லிவிட்டு நின்றேன்.

ஐப்பசி கடைமுழுக்கு அன்று காவிரித் துலாக்கட்டத்தில், அந்தக் கூட்டத்தில், ஈர வேட்டியோடு எதிரே வருகிறார். எங்கே ஒளிவது? நேரே வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தி, "இந்த வலி போச்சாப்பா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. கையில் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்ட் போடும்போதெல்லாம் அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வருகிறது. போவதென்றால் சொல்லிவிட்டுப் போங்கள்.

குடந்தை கோச்:
முதல் பதிவுக்குப் பதில். கையை எடுப்பதும் பயிற்சியில் ஒரு பகுதிதான். என் மாணவன் ஒருவனுக்கு இப்படித்தான் சொல்லாமல் எடுத்தேன், அடுத்த மாதமே தானாகப் போட்டான். இதற்கெல்லாம் மாஸ்டரை மாற்றுவார்களா? நம் நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாக்கர் 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் வால்ட்டில் (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாண்டுவது) நாலாவதாக வந்தார், வெண்கலம் போனது 0.150 புள்ளியில். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து ஒரே கோச் நந்தி சாரிடம் வளர்ந்தவர். வயது ஒரு சாக்கு. உஸ்பெகிஸ்தானின் சுசோவிட்டினா 46 வயதில் டோக்கியோவில் வால்ட் போட்டார், அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக்ஸ்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு வாரம் ஹேண்ட்ஸ்பிரிங்கை மறந்துவிடுங்கள். தினம் மணிக்கட்டு வார்ம் அப். ஹாலோ ஹோல்ட் (மல்லாந்து படுத்து, தோளையும் காலையும் தூக்கிப் பிடிப்பது) அரை நிமிடம், மூன்று தடவை. சுவரைப் பார்த்த ஹேண்ட்ஸ்டாண்ட். தோள் திறக்காமல் பிரிட்ஜ் (கையையும் காலையும் ஊன்றி முதுகை வில்லாக வளைப்பது) போட்டால் பாரமெல்லாம் இடுப்புக்குப் போய்விடும், அதையும் கவனியுங்கள். அப்புறம் உருளை மேட்டில் சாய்ந்து பழகுங்கள், பிறகு சரிவு மேட், கடைசியில்தான் சமதரை. பின்னால் குதிக்கும்போது நாற்காலியில் உட்காரப்போவது மாதிரி இடுப்பு பின்னால் போகவேண்டும், முட்டி பாதத்தைத் தாண்டி முன்னால் வரக்கூடாது. பெரும்பாலானவர்கள் தலையைத்தான் முதலில் எறிகிறார்கள். பயம் எல்லாம் அங்கே இருந்து வருவது.

திருவாரூர் அக்கா:
கோச் சார், அவர் பயிற்சி அட்டவணை கேட்டாரா? உங்கள் மாணவனுக்கு என்ன எடை, இருபத்தைந்து கிலோ இருக்குமா? நான் அறுபத்தெட்டு. அவன் விழுந்தால் எழுந்து ஓடுவான். நான் விழுந்தால் மறுநாள் வேலைக்கு யார் போவது, வீட்டில் உலை யார் வைப்பது? சுசோவிட்டினா சின்ன வயதிலேயே இதற்குள் வந்தவர். நாங்கள் நேற்று வந்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

என் கதை சின்னது. ஒன்றரை மணி நேர வகுப்பு, வரிசையில் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி ஆள் நான். எனக்கு நாலு முறைதான் கிடைக்கும். ஒருநாள் நான் ஓடத் தொடங்கியபோது மாஸ்டர் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார். ரவுண்ட் ஆஃப் (ஓடிவந்து கையூன்றிப் பக்கவாட்டில் சுழல்வது) முடித்துத் திரும்பினால் முதுகுதான் தெரிந்தது. அந்த மாதத்தோடு நின்றுவிட்டேன். வேறு மாஸ்டர் கிடைக்கவில்லை. கோடையில் ஆறு வற்றியதும் மணலில் நானே கரணம் போடுகிறேன், மாடு மேய்க்கிற பையன்கள் எண்ணிக்கை சொல்கிறார்கள். அவர்களாவது பார்க்கிறார்கள்.

குடந்தை கோச்:
மணலில் தனியாகவா? மணிக்கட்டு போய்விடும். ஈர மணல் இறுகிக் கிடக்கும், காய்ந்தது புதையும்...

வெண்ணாற்றங்கரை:
கோச் சார் சொன்ன உருளை மேட் எங்களிடம் இல்லை. இருந்தாலும் நன்றி.

செவ்வாய்க்கிழமை மாஸ்டரிடம் கேட்டேவிட்டேன். "பிடிக்கிறீங்களா இல்லையான்னு முன்னாடியே சொல்லிடுங்க மாஸ்டர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னா நீ போகமாட்டியேம்மா" என்றார். கோபமாக இல்லை. கை வைத்துக்கொண்டுதான் நின்றார், மூன்று தடவை "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சத்தமாகவும் சொன்னார். மூன்று தடவையும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மாயூரத்தான், திருச்சியில் அந்த இடம் எது என்று தனியாக அனுப்புங்கள். ஒரு ஞாயிறு சும்மா பார்த்துவிட்டு வருகிறேன். மாஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான்.