பாமசில கொவிட் கிட் வாங்கிப் பாத்தா நம்பலாமா? மட்டக்களப்பு ஆக்கள் சொல்லுங்க

கல்லடிப்பாலம்:
வணக்கம், ரெண்டு நாளா தடிமல், தொண்டை நோவு, நேத்து ராவு காய்ச்சலும் அடிச்சிது. ஞாயிறு களுவாஞ்சிக்குடிக்கு அம்மம்மாவப் பாக்கப் போறதா இருந்தனான், அவக்கு 81 வயசு, சீனி வருத்தம், இழுப்பும் இரிக்கி. 2021ல அவட தங்கச்சி கொவிட்டிலதான் போனவ, கடைசியா முகம் பாக்கக் கூடக் கிடைக்கல்ல, அதால எனக்குச் சரியான பயம். டவுண் பாமசில அவங்களே டெஸ்ட் பண்ணித் தருவாங்களா, இல்ல கிட் வாங்கி நானே செய்யணுமா?

காத்தான்குடி ராத்தா:
தங்கச்சி, முதல்ல போன் அடிச்சுக் கேட்டுட்டுப் போங்க. எங்கட வாப்பாக்குச் சுகமில்லாத நேரம் நான் மூணு கடை ஏறி இறங்கின, ரெண்டுல இல்லண்டுட்டாங்க, மூணாவதுல எடுத்துத் தந்தது விரல்ல குத்தி ரத்தம் பாக்கிற கிட். வீட்ட வந்து பெட்டிய வாசிச்சாத்தான் தெரியுது அது ஆன்டிபாடிண்டு. முந்தி எப்பவாவது வந்திருந்தா, ஊசி போட்டிருந்தா அது காட்டும், இப்ப வைரஸ் இரிக்கா எண்டு சொல்லாது. காசும் போய் ஒரு நாளும் போன. நீங்க மூக்குல குச்சி விட்டுப் பாக்கிற ஆன்டிஜன் கிட் எண்டே கேளுங்க, திகதியப் பாருங்க, 30 பாகைக்கு மேல சூட்டுல வைக்கக் கூடாதுண்டு பெட்டியில போட்டிரிக்கும், வெயில் படுற கண்ணாடி அலுமாரியில கிடந்ததுண்டா வாங்காதீங்க. எனக்கு ஒரு கடையிலயும் டெஸ்ட் பண்ணித் தரல்ல, விக்கிறது மட்டும்தான்.

வார்டு நேர்ஸ்:
செய்யிறது லேசு. முதல்ல மூக்கச் சீந்திட்டு, ரெண்டு மூக்குத் துவாரத்துலயும் ஒரே குச்சிய வச்சு சுவரோட உரசிச் சுத்துங்க, சும்மா நுனியில தொட்டு எடுத்தாச் சரி வராது. எத்தின சொட்டு எண்டு கிட்டுக்கு கிட்டு வித்தியாசம், உள்ளுக்கு இரிக்கிற பேப்பரப் பாருங்க. கனக்க கிட்டுல 15 நிமிசத்துல பாக்கணும், மறந்து போய் ஒரு மணித்தியாலத்தால பாத்தா அது கணக்கில்ல. C கோடு, அதாவது டெஸ்ட் சரியா வேலை செய்யிதெண்டு காட்டுற கோடு, வரல்லயெண்டா டெஸ்டே பழுது. T கோடு, வைரஸ் இருந்தா வாறது, எவ்வளவு மங்கலா இருந்தாலும் பொசிட்டிவ்தான், எங்கட மச்சாளுக்கு ஜன்னல் வெளிச்சத்துல சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரிஞ்சிது, அவவுக்குக் கொவிட்தான்.

நெகட்டிவ் எண்டு வந்தா அதோட விட்டுறாதீங்க, ஆரம்பத்துல காட்டாம விடும், 48 மணித்தியாலம் கழிச்சு இன்னொண்டு செய்யுங்க. இன்னொரு விசயம், நம்மட பக்கம் மாரியில காய்ச்சலெண்டா டெங்கையும் யோசிக்கணும். கொவிட் இல்லண்டு வீட்டுல படுத்திருந்து மூணாம் நாள் பிளேட்லெட் இறங்கி வந்த ஆக்கள நான் கண்டிருக்கன். பனடோல் மட்டும் போடுங்க, டைக்ளோபெனாக், ஐபியுபுரூபன் மாதிரி நோ மாத்திரை கிட்டவும் எடுக்காதீங்க, டெங்கெண்டா ரத்தக்கசிவு வரப் பாக்கும், காய்ச்சல் நிக்கல்லயெண்டா டெங்குக்கு ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிப் பாருங்க. மூச்சு இழுத்தா 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க.

அக்கரைப்பற்றான்:
ஒரு கிட் வாங்காம ரெண்டா வாங்குங்க தங்கச்சி, ரெண்டாந்தரம் போனா இருக்குமோ தெரியா. கடைக்கும் நீங்க போகாம வேற ஆர்ட்டயும் சொல்லி எடுங்க.

கல்லடிப்பாலம்:
எல்லாருக்கும் கோடி நன்றி. தம்பிய விட்டு ரெண்டு கிட் எடுத்தன், ராத்தா சொன்ன மாதிரி ஆன்டிஜன் எண்டு பாத்துத்தான். இப்ப செஞ்சன், C மட்டும்தான். போன்ல டோர்ச் போட்டும் பாத்தன், T பக்கம் ஒண்டும் இல்ல. மற்றத நாளையிண்டைக்கு செய்வன், நாளைக்கு ரத்தம் குடுக்கப் போறன். அம்மம்மாட்ட போன்ல சொல்லிட்டன் இந்த ஞாயிறு வரல்லயெண்டு, அவ "பால்புக்கை ஆக்கி வைக்கிறன் எண்டு சொன்னனே மனே" எண்டு கவலைப்பட்டா, அடுத்த கிழமை வாறன் எண்டு சொல்லி வச்சிரிக்கன்.